ஒன்பது நாள் இடைவெளி: பிலிப்பைன்ஸ் உள்ளாட்சியில் பதவிக்கால வரம்பு தொடங்கிய கதை

மணிலாவுக்குக் கிழக்கே, ரிசால் மாகாணத்தின் தைத்தாய் நகராட்சியில் டொலோரஸ் என்றொரு பரங்கை இருக்கிறது. பரங்கை என்பது பிலிப்பைன்ஸ் உள்ளாட்சியின் அடிப்படை அலகு. கிராமத்துக்கும் நகர வார்டுக்கும் அந்நாட்டில் அது ஒன்றே பெயர். 1987 பிப்ரவரி 9 அன்று டொலோரஸ் பரங்கைத் தலைவரின் கைக்கு ஓர் அலுவலகக் குறிப்பு வந்து சேர்ந்தது. அவருக்குப் பதிலாக வேறொருவர் நியமிக்கப்பட்டிருக்கிறார் என்பது அதன் சாரம். உறுப்பினர்களை மாற்றும் குறிப்பும் உடன் வந்தது. 1986 டிசம்பர் 1 என்று அதில் தேதியிடப்பட்டிருந்தது. ஆனால் மாகாணத்தின் பொறுப்பு ஆளுநர் அதில் கையெழுத்திட்டது 1987 பிப்ரவரி 8 அன்றுதான் என்பது பின்னர் நீதிமன்றத்தில் தெளிவாயிற்று.

தாளில் இருந்த தேதிக்கும் கையெழுத்திட்ட தேதிக்கும் இடையே இரண்டு மாதங்களுக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் நாட்டின் அரசமைப்பே மாறிவிட்டிருந்தது. எந்த நாளில் மாறியது என்பதே வழக்கின் கேள்வி. ஓர் ஊர்ப் பதவியைப் பற்றிய சிறு வழக்காகத் தொடங்கிய அது, 1987ஆம் ஆண்டு அரசமைப்பின் பிறந்தநாளைத் தீர்மானித்த தீர்ப்பாக முடிந்தது. உள்ளாட்சி அலுவலர்கள் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் பதவி வகிக்கக் கூடாது என்ற விதியும் அதே அரசமைப்பில்தான் முதன்முறையாக இடம்பெற்றது. ஆகவே அந்த விதியின் பிறந்தநாளும் இவ்வழக்கில் முடிவானதாகக் கொள்ளலாம்.

பின்னணியைச் சுருக்கமாக நினைவுகூர வேண்டும். 1972இல் பெர்டினண்ட் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தை அறிவித்த பின் உள்ளாட்சித் தலைவர்களின் பதவி மணிலாவின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிட்டது. 1986 பிப்ரவரியில் மக்கள் எழுச்சி மார்க்கோஸை வெளியேற்றியது. கொரசோன் அக்கினோ குடியரசுத் தலைவரானார். மார்ச் 25 அன்று அவர் ஒரு தற்காலிக அரசமைப்பை அறிவித்தார். மார்க்கோஸ் காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 1986 பிப்ரவரி 25இலிருந்து ஓராண்டுக்குள் மாற்று நபர்கள் நியமிக்கப்படாவிட்டால் பதவியில் தொடரலாம் என்று அது கூறியது. இந்த ஓராண்டில் உள்ளாட்சி அமைச்சர் அக்கிலினோ பிமென்டெலின் அதிகாரத்தின் கீழ் நாடெங்கும் ஆளுநர்களும் மேயர்களும் நீக்கப்பட்டுப் பொறுப்பு அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். சர்வாதிகாரத்தின் ஆட்களை அகற்றுவதாக அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. அகற்றப்பட்டவர்களுக்கு அது வேறுவகைத் தன்னிச்சையாகவே தெரிந்திருக்கும். மக்கள் வாக்களித்து வந்தவரை ஒரு தாள் வெளியேற்றுகிறது என்ற அளவில் இரண்டு காலங்களுக்கும் ஒற்றுமை இருக்கத்தான் செய்தது.

இதற்கிடையே 48 உறுப்பினர்கள் கொண்ட அரசமைப்பு ஆணையம், செசிலியா முன்யோஸ் பால்மாவின் தலைமையில் 1986 ஜூன் முதல் அக்டோபர் வரை கூடிப் புதிய அரசமைப்பை வரைந்தது. 1987 பிப்ரவரி 2 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்குகளைத் தொகுத்து, அரசமைப்பு ஏற்கப்பட்டது என்று அக்கினோ பிரகடனம் வெளியிட்ட நாள் பிப்ரவரி 11. இரண்டுக்கும் இடையே ஒன்பது நாட்கள். டொலோரஸ் பரங்கைத் தலைவரை நீக்கும் தாளில் கையெழுத்து விழுந்தது அந்த ஒன்பது நாட்களுக்குள்.

அரசமைப்பின் கடைசிப் பிரிவு, வாக்கெடுப்பில் பெரும்பான்மை வாக்குகளால் ஏற்கப்பட்ட உடனே அது நடைமுறைக்கு வரும் என்கிறது. மொழியியல் மாணவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. 'ஏற்கப்படுதல்' என்ற செயல் எப்போது நிகழ்கிறது? வாக்காளர் வாக்குச் சீட்டைப் பெட்டிக்குள் இடும் கணத்திலா, எண்ணி முடிக்கும் கணத்திலா, எண்ணியதை அதிகாரம் பெற்றவர் அறிவிக்கும் கணத்திலா? சொல்லுவதாலேயே நிகழ்ந்துவிடும் செயல்கள் உண்டு. தீர்ப்பு வழங்குதல், பெயர் சூட்டுதல் போன்றவை அத்தகையவை. ஏற்கெனவே நிகழ்ந்ததை எடுத்துரைக்க மட்டுமே செய்யும் கூற்றுகளும் உண்டு. அக்கினோவின் பிரகடனம் இவற்றுள் எவ்வகை என்பதில்தான் ஒரு பரங்கைத் தலைவரின் பதவி தொங்கிக்கொண்டிருந்தது.

1987 ஆகஸ்ட் 31 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி மெலென்சியோ ஹெரேரா. அரசமைப்பு பிப்ரவரி 2 அன்றே நடைமுறைக்கு வந்தது. பிரகடனம் நடந்ததை உறுதிப்படுத்தும் அறிவிப்பு மட்டுமே என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. ஆணையத்தின் விவாதக் குறிப்புகளே இதற்கு ஆதாரமாயின. மக்கள் வாக்களிக்கும் செயலே ஏற்பு. எண்ணிக்கை அந்தச் செயலின் அளவை அறியும் வழி மட்டுமே என்று சட்ட அறிஞரும் இயேசு சபைப் பாதிரியாருமான ஹோவாகின் பெர்னாஸ் ஆணையத்தில் வாதிட்டிருந்தார். நீதிபதி சார்மியென்டோ மட்டும் உடன்படவில்லை. முந்தைய அரசமைப்பு மாற்றங்கள் பிரகடன நாளிலிருந்தே கணக்கிடப்பட்ட வழக்கத்தை அவர் சுட்டிக்காட்டினார். நடைமுறை அறிவின் பக்கம் நின்ற வாதம் அது. எண்ணி முடிக்காத வாக்கெடுப்பின் முடிவை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்ளுமாறு ஓர் ஆளுநரிடம் எப்படிக் கோர முடியும்?

ஆயினும் பெரும்பான்மையின் முடிவு நின்றது. பிப்ரவரி 8 அன்று தற்காலிக அரசமைப்பு உயிரோடு இல்லை. ஆகவே அதன் பெயரால் இட்ட கையெழுத்துக்கும் வலுவில்லை. 1982 மே 17 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட பரங்கைத் தலைவரின் ஆறாண்டுப் பதவிக்காலம் 1988 ஜூன் வரை அவருடையதே என்றாயிற்று.

புதிய அரசமைப்பின் பத்தாம் பகுதி, எட்டாம் பிரிவு உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்படும் அலுவலர்களின் பதவிக்காலத்தை மூன்று ஆண்டுகள் என்று வரையறுக்கிறது. தொடர்ந்து மூன்று பதவிக்காலங்களுக்கு மேல் எவரும் பணியாற்றக் கூடாது என்கிறது. தாமாகப் பதவியைத் துறப்பது, அது எவ்வளவு காலத்துக்காயினும், தொடர்ச்சியை முறித்ததாகக் கருதப்படாது என்றும் சேர்க்கிறது. பரங்கை அலுவலர்களுக்கு மட்டும் விலக்கு. அவர்களுடைய பதவிக்காலத்தைச் சட்டம் தீர்மானிக்கும். இந்த விலக்கு பதவிக்காலத்தின் நீளத்துக்கு மட்டுமா, மூன்று முறை என்ற வரம்புக்கும் சேர்த்தா என்பதை வாக்கிய அமைப்பு தெளிவாகச் சொல்லவில்லை. ஒரு துணைவாக்கியம் எதைத் தழுவி நிற்கிறது என்ற இலக்கணச் சிக்கல், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து உச்சநீதிமன்றத்தின் முன் வந்து நின்றது. அதற்குப் பின்னால் வரலாம்.

ஆணையத்தில் இந்த வரம்பு எளிதாக உருவாகிவிடவில்லை. மூன்று முறை பதவி வகித்தவர் அப்பதவிக்கு இனி ஒருபோதும் திரும்பக் கூடாது என்ற யோசனையை எட்முண்டோ கார்சியா முன்வைத்தார். யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று மக்களுக்காக முன்கூட்டியே வடிகட்டும் வேலையை ஆணையம் செய்யக் கூடாது என்று கிறிஸ்டியன் மோன்சோட் எச்சரித்தார். நிரந்தரத் தடையா, தற்காலிகத் தடையா என்பதே அடிப்படை வினா என்று பிளாஸ் ஓப்ளே சுட்டினார். இறுதியில் வென்றது தற்காலிகத் தடை: மூன்று முறை இருந்தவர் ஒரு முறை ஓய்ந்திருந்து திரும்பி வரலாம். 'தொடர்ந்து' என்ற ஒரே சொல்லில் இந்த முழுச் சமரசமும் அடங்கியிருக்கிறது. அரசமைப்பில் அச்சொல் இல்லாதிருந்தால் அடுத்த முப்பது ஆண்டுகளின் வழக்குகளில் பெரும்பாலானவை எழுந்திருக்க வாய்ப்பே இல்லை.

புதிய அரசமைப்பின் கீழ் முதல் உள்ளாட்சித் தேர்தல் 1988 ஜனவரி 18 அன்று நடந்தது. இடைக்கால விதிகளின்படி அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 1992 ஜூன் 30 நண்பகல்வரை நீண்டது. மூன்று ஆண்டு என்று விதித்த அரசமைப்பின் முதல் பதவிக்காலமே நான்கு ஆண்டுகளைத் தாண்டியது. ஆயினும் கணக்கில் அது ஒன்றுதான். பின்னர் 1992, 1995. ஆக, 1987இல் உயிர்பெற்ற வரம்பு முதன்முறையாக எவரையாவது தடுக்கக்கூடிய தேர்தல் 1998 மே மாதத்தில்தான் வந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் ஒன்று. அது கடிக்கத் தொடங்கிய நாள் வேறொன்று. இரண்டுக்கும் இடையே பதினோர் ஆண்டுகள். இந்த இடைவெளி, பதவியில் இருப்பவர்களுக்குத் தயாராகிக்கொள்ள அவகாசம் தந்தது. மனைவியையோ மகனையோ தம்பியையோ அடுத்த வேட்பாளராக வளர்த்தெடுக்கப் பதினோர் ஆண்டுகள் போதுமானவை.

1998இல் வழக்குகள் வந்து குவிந்ததில் வியப்பில்லை. அவற்றுள் முதன்மையானது மணிலா பெருநகரப் பகுதியில் உள்ள பத்தேரோஸ் என்ற சிறு நகராட்சியிலிருந்து வந்தது. 1988இல் துணை மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர், மேயர் இறந்ததால் 1989 செப்டம்பரில் மேயரானார். 1992இலும் 1995இலும் மேயராகவே வென்றார். 1998இல் மீண்டும் நின்றபோது, இது நான்காவது முறை என்று எதிர்த்தரப்பு வழக்குத் தொடுத்தது. நீதிமன்றத்துக்காக எழுதிய நீதிபதி மெண்டோசா, வரம்புக்குள் ஒரு பதவிக்காலம் வர இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்றார்: அந்தப் பதவிக்கே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும், அந்தக் காலத்தை முழுமையாகப் பணியாற்றியிருக்க வேண்டும். மரணத்தால் வந்துசேர்ந்த பதவி மக்கள் தந்தது அல்ல. எனவே அது கணக்கில் சேராது.

தமிழில் இதைப் பற்றி எழுதும்போது ஓர் இடர்ப்பாடு எதிர்ப்படுகிறது. 'பதவிக்காலம்' என்ற நம் ஒற்றைச் சொல் இரண்டு கருத்துகளைச் சுமக்கிறது. ஒன்று, பதவியை உரிமையோடு கோரக்கூடிய, சட்டம் வரையறுத்த காலம். மற்றொன்று, ஒருவர் உண்மையில் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்த காலம். பிலிப்பைன்ஸ் நீதிமன்றங்கள் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்களை வைத்துக்கொண்டு வழக்குதோறும் அவற்றுக்கிடையே எல்லை வகுத்தன. தமிழில் முன்னதை 'உரிமைக்காலம்' என்றும் பின்னதை 'அமர்வுக்காலம்' என்றும் பிரித்துக்கொண்டால் கீழ்வரும் முடிவுகளின் தர்க்கம் புலப்படும். சட்டத் தமிழ் இந்த வேறுபாட்டை இதுவரை வழக்கமாக்கிக்கொள்ளாதது ஒரு குறையே.

சம்பாலெஸ் மாகாணத்தின் சான் அந்தோனியோ மேயர் ஒருவர், இரண்டு முறை முழுமையாகப் பணியாற்றி 1995இல் மூன்றாம் முறை வென்றதாக அறிவிக்கப்பட்டார். தேர்தல் வழக்கில் அந்த வெற்றி செல்லாது என்றாகி, காலம் முடியச் சில மாதங்களுக்கு முன்னர், 1998இன் தொடக்கத்தில் நாற்காலியை விட்டு இறங்கினார். அவருக்கு அது மூன்றாவது பதவிக்காலமாகக் கணக்காகவில்லை. கமரினஸ் நோர்த்தே மாகாணத்தின் சான் விசென்தேயிலும் ஏறத்தாழ இதே கதை. 1998 தேர்தலில் உண்மையில் வென்றவர் எதிராளியே என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்த நாள் 2001 ஜூலை 4. பதவிக்காலம் முடிந்ததோ ஜூன் 30. நான்கு நாட்கள் பிந்தி வந்த தீர்ப்பு அவரை ஒரு நாளும் நாற்காலியிலிருந்து இறக்கவில்லை. ஆகவே அவர் முழுப் பதவிக்காலமும் பணியாற்றியதாகவே கணக்காயிற்று. 2004இல் அவர் போட்டியிட முடியாமற்போனது. தோற்றவர் என்று தீர்ப்பு சொல்லும் தேர்தலே, வென்றவருக்குரிய தடையை அவர்மேல் சுமத்தியது.

மேலும் சில வழக்குகளை விரைவாகக் கடந்துவிடலாம். பலவான் தீவின் புவேர்த்தோ பிரின்செசாவில் மூன்று முறை மேயராக இருந்தவர் 2001இல் ஆளுநர் தேர்தலில் தோற்று வீட்டில் இருந்தார். புதிய மேயரைத் திரும்ப அழைக்கும் தேர்தல் 2002 செப்டம்பரில் நடந்தபோது அவர் மீண்டும் நின்றார். இடையில் ஓராண்டுக்கு மேல் அவர் பொதுக்குடிமகனாக இருந்ததால் தொடர்ச்சி முறிந்துவிட்டது என்றது நீதிமன்றம். டாவோ டெல் சூர் மாகாணத்தின் டீகோஸ், மூன்றாம் பதவிக்காலத்தின் நடுவே, 2000 செப்டம்பரில் நகராட்சியிலிருந்து மாநகராக உயர்ந்தது. பதவியின் பெயரே மாறிவிட்டதால் கணக்கு புதிதாகத் தொடங்க வேண்டும் என்று மேயர் வாதிட்டார். அதே நிலம், அதே மக்கள், அதே மனிதர் என்று நீதிமன்றம் மறுத்தது. லுசேனா நகர மன்ற உறுப்பினர் ஒருவர் ஊழல் வழக்கில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த காலத்தைக் காட்டித் தம் தொடர்ச்சி முறிந்தது என்றார். இடைநீக்கத்தில் அதிகாரம் மட்டுமே விலகி நிற்கிறது, பதவிக்கான உரிமை அவரிடமே இருக்கிறது என்று 2009 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. இந்தக் கடைசி முடிவு சரியானதென்றே தோன்றுகிறது. இல்லையென்றால் குற்றச்சாட்டுக்கு ஆளாவதே நான்காம் முறை நிற்பதற்கான தகுதியாகிவிடும்.

கட்டாண்டுவானஸ் தீவில் உள்ள வீகா நகராட்சியின் கதை இவற்றுக்கெல்லாம் மறுபக்கம். 2004 தேர்தலில் உண்மையில் வென்றவர் வழக்காடி வெற்றியை நிலைநாட்டிப் பதவியேற்றது 2006 மே 9இல். அவருக்கு மிஞ்சியது ஓராண்டும் சில வாரங்களும். அதற்கு முன்னும் பின்னும் அவர் முழுமையாகப் பணியாற்றியிருந்தார். 2010இல் அவர் மீண்டும் நின்றது தொடர்பான வழக்கில், மூன்று முறை முடிந்துவிட்டது என்று தேர்தல் ஆணையம் முடிவுசெய்தது. திருடப்பட்ட இரண்டு ஆண்டுகளை அவர் கணக்கில் எழுதக் கூடாது என்று 2013இல் உச்சநீதிமன்றம் முடிவுசெய்தபோது, போட்டியிட்ட அந்தப் பதவிக்காலமே முடியும் தறுவாயில் இருந்தது.

இனி பரங்கைக்குத் திரும்பலாம். 'பரங்கை' என்ற சொல்லே படகைக் குறிக்கும் 'பலங்கை' என்பதிலிருந்து வந்தது. ஒரே படகில் வந்து கரையேறிய குடும்பங்களின் குழு என்ற விளக்கத்தை 1589இல் எசுப்பானியத் துறவி ஹுவான் டி பிளாசென்சியா பதிவுசெய்திருக்கிறார். எசுப்பானியர் காலத்தில் வழங்கிய 'பாரியோ' என்ற பெயரை நீக்கி, பழைய சொல்லை 1974இல் ஆணை மூலம் மீட்டவர் மார்க்கோஸ். சொல்லுக்கு வயது நானூறுக்கு மேல். அதன் பதவிக்காலமோ சட்டத்துக்குச் சட்டம் மாறியபடி இருந்தது. 1982இல் ஆறாண்டு. 1989இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு ஐந்தாண்டு. பிமென்டெல் செனட்டராக இருந்து உருவாக்கிய 1991ஆம் ஆண்டு உள்ளாட்சித் தொகுப்புச் சட்டத்தில் மூன்றாண்டு. 1998இல் மீண்டும் ஐந்தாண்டு. 2002இல் மீண்டும் மூன்று.

1994 மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பரங்கைத் தலைவர்கள் சிலர், தங்களுக்குப் பழைய சட்டத்தின் ஐந்தாண்டு உண்டு என்று வாதிட்டு 1997 மே மாதத் தேர்தலை நிறுத்த முயன்றனர். 1991ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும் என்று தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னதாக, 1997 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் முடிவுசெய்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் ஐந்தாண்டைத் திருப்பித் தந்தது. நீதிமன்றத்தில் தோற்ற கோரிக்கை வேறு வாசல் வழியாக வென்று வந்தது. ஒவ்வொரு ஊரிலும் வாக்குத் திரட்டுபவர்கள் பரங்கைத் தலைவர்களே என்பதை நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒருபோதும் மறப்பதில்லை.

2002 மார்ச் மாதத்தில் இயற்றப்பட்ட 9164ஆம் சட்டம், பரங்கை அலுவலர்களும் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் அதே பதவியில் இருக்கக் கூடாது என்றது. அதோடு ஒரு சிறு வாசகத்தைச் சேர்த்தது: இந்தக் கணக்கு 1994ஆம் ஆண்டு பரங்கைத் தேர்தலிலிருந்து தொடங்கும். சட்டம் பிறந்ததோ 2002இல். எண்ணத் தொடங்கியதோ எட்டு ஆண்டுகளுக்கு முன்னால். 1994, 1997, 2002 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்றவர்களுக்கு அடுத்த தேர்தலில் கதவு மூடியது. 2005இல் வரவேண்டிய அத்தேர்தலும் ஒத்திவைக்கப்பட்டு 2007 அக்டோபரில் நடந்தது. மூவாண்டு வீதம் மூன்று முறை என்றால் ஒன்பது ஆண்டுகள். உண்மையில் அவர்கள் பதவியில் இருந்ததோ பதின்மூன்று ஆண்டுகள்.

கலோகான் நகரப் பரங்கை அலுவலர்கள் சிலர் 2007 தேர்தலை ஒட்டி வழக்குத் தொடுத்தனர். நடந்து முடிந்த தேர்தல்களுக்குப் புதிய விளைவை ஏற்றுவது அநீதி. 1994இல் வாக்களித்தவர்களும் வாக்குப் பெற்றவர்களும் அந்த வெற்றி ஒரு வரம்பின் முதற்படி என்று அறிந்திருக்கவில்லை என்பது அவர்களது வாதத்தின் சாரம். வட்டார நீதிமன்றம் அவர்களோடு உடன்பட்டு, 1994ஐச் சுட்டும் அந்த வாசகம் அரசமைப்புக்கு முரணானது என்றது. தேர்தல் ஆணையம் மேல்முறையீடு செய்தது.

2009 நவம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அர்துரோ பிரியோன். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43ஆம் பிரிவிலேயே, தேர்ந்தெடுக்கப்படும் உள்ளாட்சி அலுவலர் எவரும் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. பரங்கை அலுவலரும் உள்ளாட்சி அலுவலரே. ஆகவே 1994இல் அவர்கள் வென்றபோதே வரம்பு நடைமுறையில் இருந்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் புதிய சுமை எதையும் பின்னோக்கி ஏற்றவில்லை என்பது நீதிமன்றத்தின் விளக்கம். அரசமைப்பின் விலக்கு வாசகத்தைப் பொறுத்தவரை, பரங்கைப் பதவிக்காலத்தைத் தீர்மானிக்கும் உரிமையை மக்கள் நாடாளுமன்றத்திடமே விட்டிருக்கிறார்கள் என்று கூறி நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

வழக்கில் எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு பக்கமும் இந்த 1994க்கு உண்டு. 'அன்றிலிருந்து எண்ணு' என்ற கட்டளைக்குள் 'அதற்கு முன் இருந்ததை எண்ணாதே' என்பதும் அடங்கியிருக்கிறது. 1989இல் வென்று 1994இலும் 1997இலும் மீண்டவர் ஒருவர், முழுக் கணக்கின்படி 2002இல் நிற்க முடியாது. 1994 என்ற கோடு அவருடைய முதல் பதவிக்காலத்தைத் துடைத்துவிட்டு இன்னொரு முறைக்கு வழிவிட்டது. 2007இல் நீதிமன்றம் சென்றவர்களுக்குப் பின்னோக்கிப் பாய்ந்த கத்தியாகத் தெரிந்த தேதி, மூத்த தலைமுறைத் தலைவர்களுக்குப் பொதுமன்னிப்பாக இருந்தது. நாடாளுமன்றத்தில் அந்த ஆண்டைத் தேர்ந்தவர்கள் இதை அறியாமல் தேர்ந்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

அந்த வாசகம் மனிதர்களை எப்படித் தொட்டது என்பதற்கு போஹோல் மாகாணத்தில் தவுயிஸ் நகராட்சியின் பீக்கிங் பரங்கை ஒரு சான்று. அதன் தலைவர் 1994, 1997, 2002 மூன்றிலும் வென்றவர். 2004இல் நகராட்சி மன்றத் தேர்தலில் நின்று வென்று, பரங்கையை விட்டு அங்கே போனார். மூன்றாண்டு கழித்து, 2007இல் பழைய பதவிக்கே திரும்ப நின்று வெற்றியும் பெற்றார். மேல்நிலைப் பதவியை ஏற்றதும் சட்டப்படியே கீழ்ப்பதவி தானாக நீங்கிவிட்டது, தாம் துறக்கவில்லை என்றார் அவர். வேறு பதவிக்குத் தாமே விரும்பி மனு கொடுத்தவர், பழைய பதவியைத் தாமே துறந்தவர்தான் என்று 2009 மார்ச்சில் நீதிமன்றம் கூறியது. மக்கள் அளித்த வாக்கு வீணாயிற்று. வாக்களித்தவர்களுக்குத் தங்கள் ஊரின் 1994ஆம் ஆண்டுத் தேர்தல் இன்னும் முடியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்திருக்கும்.

இதே அரசமைப்பின் இரண்டாம் பகுதி, 26ஆம் பிரிவு அரசியல் வாரிசுக் குடும்பங்களைத் தடைசெய்கிறது. ஆனால் 'சட்டம் வரையறுக்கும் வகையில்' என்று ஒரு தொடரைச் சேர்த்துக்கொள்கிறது. எட்டாம் பிரிவுக்கு வேறு சட்டத்தின் துணை தேவைப்படவில்லை. 1987 பிப்ரவரி 2 அன்றே அது உயிரோடு எழுந்தது. 26ஆம் பிரிவுக்கோ துணை நிற்கும் பொதுச் சட்டம் பின்வந்த பல பத்தாண்டுகளிலும் வரவில்லை. 2016இல் இளைஞர் பரங்கை மன்றங்களுக்கு மட்டும், பதவியில் உள்ளவரின் நெருங்கிய உறவினர் நிற்கக் கூடாது என்ற விதி இயற்றப்பட்டது. ஒன்றாகச் செயற்பட வேண்டிய இரண்டு விதிகளில் ஒன்று மட்டுமே நடைமுறைக்கு வந்ததன் விளைவை ஊர்தோறும் காணலாம். கணவர் மூன்று முறை, மனைவி ஒரு முறை, மீண்டும் கணவர். வரம்பு தனிமனிதரை எண்ணுகிறது. அது குடும்பத்தை எண்ணுவதில்லை. பதவிக்கால வரம்பு பிலிப்பைன்ஸ் குடும்பங்களின் பிடியைத் தளர்த்தவில்லை என்று அரசியல் பொருளியலாளர் பாப்லோ கெருபின் தேர்தல் தரவுகளைக் கொண்டு வாதிட்டிருக்கிறார்.

பதவிக்காலம் முடியும் நாளும் தொடங்கும் நாளைப் போலவே வழுக்கக்கூடியது. 2022 டிசம்பரில் நடக்கவேண்டிய பரங்கைத் தேர்தலை ஒரு சட்டம் 2023 அக்டோபருக்குத் தள்ளியது. அச்சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று 2023 ஜூனில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் குழப்பத்தைத் தவிர்க்க அக்டோபர் தேர்தல் நடக்கட்டும் என்றது. 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் உரிமைக்காலம் 2022 டிசம்பர் 31 அன்றே முடிந்துவிட்டதாகக் கருத வேண்டும். அதன்பின் அவர்கள் இருந்தது, அடுத்தவர் வரும்வரை இடத்தைக் காத்திருந்த இருப்பு மட்டுமே என்றும் விளக்கியது. உரிமைக்காலம் முடிந்து பத்து மாதங்கள் அமர்வுக்காலம் தனியே நீடித்தது. 2025 ஆகஸ்டில் கையெழுத்தான 12232ஆம் சட்டம் பரங்கைப் பதவிக்காலத்தை நான்கு ஆண்டுகளாக்கி, அவ்வாண்டு டிசம்பரில் நடக்கவிருந்த தேர்தலை 2026 நவம்பருக்கு நகர்த்தியது. 2023இல் வென்றவர்களுக்கு இந்த நீட்சியும் ஒற்றைப் பதவிக்காலமாகவே எண்ணப்படும், 1988இல் வென்றவர்களுக்கு எண்ணப்பட்டதைப் போல.